உயிரணுவின் வாயிலோன்

மனித உடலில் உறையும் பொருள்களுள் கொலஸ்டிராலைப்போலப் பழி சுமந்தது பிறிதொன்றில்லை. முதியோர் இருவர் சந்தித்தால் அதன் அளவைப்பற்றியே உசாவிக்கொள்கின்றனர். விருந்தில் நெய் வார்க்க வருபவரைக் கைமறித்துத் தடுப்போரும் அதன் பெயரைச் சொல்லியே தடுக்கின்றனர். ஆயினும், அப்பொருள் இல்லையேல் நம் உடலில் உயிரணு ஒன்றேனும் உருக்குலையாது நிற்றல் அரிது. உயிரணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வுக்கு உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே தருவது கொலஸ்டிராலே. உணவிலுள்ள கொழுப்பைச் செரிப்பிக்கும் பித்த உப்புக்களும், ஆண்மைக்கும் பெண்மைக்கும் உரிய இயக்குநீர்களும் அதிலிருந்தே பிறக்கின்றன. உடலிலுள்ள கொலஸ்டிரால் முழுவதையும் நூறு பங்காக்கினால், ஏறத்தாழத் தொண்ணூற்றுமூன்று பங்கு உயிரணுக்களின் சவ்வுகளில் அமைந்து தொண்டு செய்துகொண்டிருக்கும். எஞ்சிய ஏழு பங்கே குருதியில் ஓடுவது. பழியெல்லாம் அவ்வேழு பங்கினால் வந்தது.

கொலஸ்டிரால் என்னும் பெயர் கிரேக்க மொழிச் சொற்கள் இரண்டின் சேர்க்கை. 'கொலே' என்பது பித்தம். 'ஸ்டீரியோஸ்' என்பது திண்மையுடையது. பித்தப்பையில் தோன்றும் கற்களில் இப்பொருள் முதற்கண் காணப்பட்டமையின், பிரெஞ்சு நாட்டு வேதியியல் அறிஞர் செவ்ரூல் என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு இப்பெயரின் மூலவடிவத்தைச் சூட்டினார். வெண்ணிறமும் மெழுகுத்தன்மையும் உடைய அது நீரில் கரையாது. குருதியோ பெரும்பாலும் நீர். எனவே, கரையாத பொருளைக் குருதியில் செலுத்த இயற்கை ஓர் ஊர்தியைப் படைத்துள்ளது. 'செறிவு குறைந்த கொழுப்புப்புரதம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் அதனை எல்.டி.எல். என்று வழங்குவர். அதனைக் குருதியாற்றில் மிதந்து செல்லும் தோணி என்று கருதலாம். அதன் உள்ளே ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு கொலஸ்டிரால் மூலக்கூறுகள் கொழுப்பமிலத்தோடு பிணைந்து சரக்காக அடைந்திருக்கின்றன. அதன் புறத்தை மிகப் பெரிய புரதம் ஒன்று தழுவிக் கிடக்கின்றது. 4,536 அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது.

தோணி சரக்கோடு துறையை அடைந்தால் மட்டும் போதுமா? அதனைப் பற்றிக் கட்டுவோர் துறையில் இருத்தல் வேண்டும். உயிரணுவின் புறத்தே நின்று எல்.டி.எல்.லைப் பற்றி உள்ளே அழைத்துச் செல்லும் புரதமே 'எல்.டி.எல். ஏற்பி' எனப்படுகின்றது. பிறரிடம் ஏற்றலை இழிதொழில் என்றே அறநூல்கள் கூறும். உயிரணுவுக்கோ ஏற்றலே வாழ்வு. இப்புரதம் உண்டென்பது எவ்வாறு அறியப்பட்டது, அது மாட்டின் சுரப்பியிலிருந்து ஆய்வுக்கூடத்துக் குப்பிக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பன இப்பாடத்தின் பொருள்.

இவ்வரலாறு ஒரு கொடிய நோயிலிருந்து தொடங்குகின்றது. 1930களின் இறுதியில் நார்வே நாட்டு மருத்துவர் கார்ல் முல்லர் சில குடும்பங்களை ஆராய்ந்து எழுதினார். அக்குடும்பங்களில் குருதிக் கொலஸ்டிரால் மிகுதியும், தோலிலும் தசைநார்களிலும் மஞ்சள் நிறக் கொழுப்புக் கட்டிகளும், இளமையிலேயே இதயநோயும் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தன. இந்நோயுடைய மரபணுவைத் தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் ஏறத்தாழ இருநூற்றைம்பது பேருக்கு ஒருவர் எனக் கணக்கிட்டுள்ளனர். மருத்துவம் பெறாவிடில் அவர்களுட் பலரை நடுவயதிலேயே மாரடைப்புப் பற்றும். இருவரிடமிருந்தும் அக்குறையைப் பெற்றுப் பிறக்கும் குழந்தைகள் மிக அரியர்; ஏறத்தாழ மூன்று இலட்சம் பேருக்கு ஒருவர் என்பர். அக்குழந்தைகளின் நிலை சொல்லுந்தரத்தன்று. ஒரு டெசிலிட்டர் குருதியில் 200 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டிய கொலஸ்டிரால், அவர்களுக்கு 600 முதல் 1,000 வரை இருக்கும். முழங்கையிலும் முழங்காலிலும் விரலிடுக்கிலும் மஞ்சட் கட்டிகள் எழும். பந்தெறிந்து விளையாடவேண்டிய பருவத்தில் மார்வலியால் சுருண்டு விழுவர். புகையிலை தொட்டறியாத, ஊன்கொழுப்பை மிகுதியாக உண்ணாத சிறுவர்க்கு இந்நோய் வருவது ஏன் என்பது மருத்துவர்க்கெல்லாம் புதிராக இருந்தது.

இப்புதிரை அவிழ்க்க முன்வந்தோர் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்டுஸ்டைன் என்னும் அமெரிக்க இளைஞர் இருவர். முன்னவர் நியூயார்க்கைச் சேர்ந்தவர். பின்னவர் தென் கரோலினாவில் பிறந்தவர். 1966ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களாகச் சேர்ந்தபோது இருவர்க்கும் நட்பு உண்டாயிற்று. பின்னர் இருவரும் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தில் பணியாற்றினர். பிரௌன் அங்கு நொதிகளின் இயல்பைக் கற்றார். கோல்டுஸ்டைன் மேற்சொன்ன நோயுடைய சிறுவர்களைக் கண்கூடாகக் கண்டார். 1970களின் தொடக்கத்தில் இருவரும் டெக்சஸ் மாநிலத்து டல்லஸ் நகரில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவப் பள்ளியில் வந்து கூடினர். அன்று கூடியவர் பல பத்தாண்டுகள் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒருவர் பெயரோடு ஒருவர் பெயர் இணைய உழைத்தனர். புலவர்களிடையே இரட்டையர் உண்டு. அறிவியலில் இத்தகைய இரட்டையர் அரியர்.

உயிரணு தனக்கு வேண்டும் கொலஸ்டிராலைத் தானே ஆக்கிக்கொள்ளவும் வல்லது. அவ்வாக்கத்தை நடத்தும் நொதிகளுள் தலையாயது எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்பது. கொலஸ்டிரால் மிகுந்தால் அந்நொதி அடங்கும், குறைந்தால் எழும். நோயுற்ற குழந்தைகளிடம் அந்நொதியே கெட்டு, அடங்காமல் ஆக்கிக்கொண்டே இருக்கின்றதுபோலும் என்பது நண்பர் இருவரும் முதலிற் கொண்ட கருத்து. அதனைத் தேர்ந்து காண ஈரலை ஆராயவேண்டும். உயிரோடிருக்கும் குழந்தையின் ஈரலை அறுத்தெடுத்தல் இயலுமா? ஆகவே, தோலிலிருந்து மிகச்சிறு துணுக்கை எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தனர்.

முதலில் நோயற்றவர் தோலணுக்களை ஆராய்ந்தனர். வளர்ப்பு நீரில் எல்.டி.எல். இருந்தவரை நொதி அடங்கிக் கிடந்தது. எல்.டி.எல். நீக்கிய நீருக்கு அணுக்களை மாற்றியதும், சில மணி நேரத்தில் நொதியின் செயல் பன்மடங்கு ஓங்கிற்று. மீண்டும் எல்.டி.எல். சேர்த்தவுடன் அது தணிந்தது. அடுத்து நோயுற்ற குழந்தைகளின் அணுக்களை எடுத்தனர். எல்.டி.எல். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவற்றில் நொதி ஓங்கியே நின்றது. எவ்வளவு சேர்த்தும் அடங்கவில்லை. தங்கள் கருத்தே சரி என்று மகிழ்ந்து ஆய்வை அவர்கள் அங்கே முடித்திருக்கலாம். ஆனால், இன்னும் ஒரு சோதனை செய்தனர். கொலஸ்டிராலை எல்.டி.எல். ஊர்தியில் வைக்காமல், சாராயத்தில் கரைத்து நேரே அவ்வணுக்களின்மேல் இட்டனர். சாராயத்தில் கரைந்த கொலஸ்டிரால் எவர் துணையுமின்றித் தானே சவ்வினுள் புகும். புகுந்ததும், நோயுற்ற அணுவின் நொதியும் நோயற்ற அணுவின் நொதியைப்போலவே உடனே அடங்கிற்று!

இதன் பொருள் யாது? நொதியில் குறை இல்லை. கொலஸ்டிரால் உள்ளே வந்தால் அது கேட்டு அடங்குகின்றது. எல்.டி.எல்.லில் இருக்கும்போதுதான் கொலஸ்டிரால் உள்ளே வருவதில்லை. ஆகவே, குறை வாயிலில் இருக்கவேண்டும். தாம் கொண்ட கருத்தைத் தம் சோதனையே வீழ்த்தியபோது அதனைத் தயக்கமின்றிக் கைவிட்டமையே இவ்விருவர்க்கும் வெற்றி தந்தது. பின்னர் எல்.டி.எல்.லின்மேல் கதிரியக்க அயோடினைப் பூசி அது செல்லும் இடத்தைக் கண்காணித்தனர். நோயற்ற அணுக்கள் அதனை இறுகப் பற்றின. நோயுற்ற குழந்தைகளின் அணுக்கள் பற்றவேயில்லை. அணுவின் புறத்தே பற்றும் கை ஒன்று உண்டு, அக்குழந்தைகளுக்கு அக்கை இல்லை என்பது 1974ஆம் ஆண்டில் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டது.

ஏற்பி செயற்படும் முறை மிக அழகானது. உயிரணுவின் புறப்பரப்பில் ஆங்காங்கே சிறு பள்ளங்கள் உள்ளன. அவை மொத்தப் பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கே ஆயினும் ஏற்பிகளுட் பெரும்பாலன அவற்றிலேயே திரண்டு நிற்கின்றன. எல்.டி.எல். வந்து பற்றப்பட்டதும் பள்ளம் உட்குழிந்து, வாய் மூடி, சிறு பையாகி உள்ளே நழுவுகின்றது. பையினுள் புளிப்பு ஏறுகின்றது. புளிப்புப் பட்டதும் ஏற்பி தன் பிடியை விடுகின்றது. சரக்கு செரிமான அறைக்குச் சென்று உடைக்கப்பட்டுக் கொலஸ்டிரால் வெளிப்படுகின்றது. ஏற்பியோ அழிவதில்லை, சரக்கை இறக்கிவிட்டு மீண்டும் வாயிலுக்கே திரும்புகின்றது. ஒரு முறை சென்று மீள ஏறத்தாழப் பத்து நிமிடம் ஆகும். தன் வாழ்நாளில் அது இவ்வாறு நூற்றுக்கணக்கான முறை போய்வருகின்றது.

ஒரு நோயாளியின் அணுக்கள் மட்டும் ஆய்வாளரை வியக்கச் செய்தன. அவற்றில் ஏற்பி எல்.டி.எல்.லைச் செவ்வனே பற்றியது. பற்றியபின் உள்ளே செல்லாமல் வெளியிலேயே நின்றது. விருந்தினரின் கையைப் பிடித்துக்கொண்டே வாயிலில் நின்றுவிட்ட காவலன் போன்றது அது. ஏற்பியின் உட்பகுதியில் ஐம்பது அமினோ அமிலங்கள் கொண்ட வால் ஒன்று உண்டு. அதில் டைரோசின் இருக்கவேண்டிய ஓரிடத்தில் சிஸ்டீன் என்னும் வேறோர் அமினோ அமிலம் அமைந்துவிட்டதே காரணம் என்பது 1986ஆம் ஆண்டில் புலனாயிற்று. ஓர் எழுத்துப் பிழையால் பாட்டின் பொருளே கெடுவதைச் சுவடி ஆராய்வோர் அறிவர். உடலின் ஏட்டிலும் அஃது அவ்வாறே.

ஏற்பி உண்டென்று அறிந்தபின் அதனைத் தனியே பிரித்துக் கையிற் கொள்ளவேண்டும் என்னும் வேட்கை எழுந்தது இயல்பே. ஆனால், அஃது எளிதன்று. ஓர் உயிரணுவில் உள்ள ஆயிரக்கணக்கான வகைப் புரதங்களுள் ஏற்பி மிகச் சிறுபான்மையது. மேலும், அது சவ்வில் ஊன்றி நிற்பது. ஆய்வாளர் மாட்டின் சிறுநீரகத்தின் தலையில் அமைந்த அட்ரினல் சுரப்பியை நாடினர். அச்சுரப்பி இயக்குநீர்களை ஆக்கக் கொலஸ்டிராலை மிகுதியாக வாங்குவது. எனவே, வாங்கும் கைகளும் அங்கு மிகுதி. அச்சுரப்பிகளை அரைத்து, சவ்வைச் சோப்புப் போன்ற பொருளால் கரைத்து, படிப்படியாக வடித்து, 1982ஆம் ஆண்டில் உல்ஃப்காங் ஷ்னைடர் முதலியோர் தூய ஏற்பியைப் பெற்றனர். கிடைத்ததோ மிகச் சிறிதளவு. ஒவ்வொரு சோதனைக்கும் மாட்டுச் சுரப்பிகளைக் குவித்து அரைத்துக்கொண்டிருத்தல் எத்தனை நாள் இயலும்? மேலும், வேண்டுவது மனித ஏற்பி.

இவ்விடத்தில் மறுசேர்க்கை மரபணுக் கலை துணைக்கு வந்தது. ஒவ்வொரு புரதத்துக்கும் உரிய செய்முறை டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளது. அவ்வெழுத்துக்கள் நான்கே, மூன்றெழுத்துச் சேர்ந்த ஒவ்வொரு சொல்லும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். பாக்டீரியாவில் படிக்கப்படும் சொல்லுக்கும் மனித அணுவில் படிக்கப்படும் சொல்லுக்கும் பொருள் ஒன்றே. உயிர்களுக்கெல்லாம் எழுத்தும் சொல்லும் பொதுவாக இருத்தலின், மனிதனுக்குரிய செய்முறையை வேறோர் உயிரின் அணுவில் வைத்தாலும் அது பிழையின்றிப் படித்துப் புரதத்தை ஆக்கும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் டி.என்.ஏ.யை வெட்டும் நொதிகளும், வெட்டிய முனைகளை ஒட்டும் நொதிகளும் அறிவியலார்க்குக் கிடைத்தன. 1973ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஸ்டான்லி கோகன், ஹெர்பர்ட் போயர் ஆகியோர், பாக்டீரியாவினுள் வளையமாகக் கிடக்கும் டி.என்.ஏ.யில் அயல் மரபணுவைப் பொருத்தி, அதனை மீண்டும் பாக்டீரியாவுள் செலுத்திப் பெருக்கிக் காட்டினர். 1978ஆம் ஆண்டில் மனித இன்சுலின் இம்முறையால் ஆக்கப்பட்டது.

ஏற்பியின் மரபணுவைக் கண்டெடுத்த வகை நூலகத்தில் ஏடு தேடியது போன்றது. தூய்மை செய்த மாட்டு ஏற்பியின் சிறு பகுதியில் அமினோ அமிலங்கள் எவ்வரிசையில் உள்ளன என்று முதலிற் படித்தனர். அவ்வரிசைக்கு ஏற்ற டி.என்.ஏ. எழுத்துத்தொடரைச் செயற்கையாகக் கோத்து, அதனைத் தூண்டில்போலப் பயன்படுத்தி, எண்ணிறந்த டி.என்.ஏ. துண்டுகளிடையே தமக்கு வேண்டியதைப் பிடித்தனர். டேவிட் ரசல் முதலியோர் 1983ஆம் ஆண்டில் மாட்டு ஏற்பிக்குரிய துண்டைப் பெற்றனர். அதனைக் கொண்டு 1984ஆம் ஆண்டில் யாமமோட்டோ முதலியோர் மனித ஏற்பியின் முழு எழுத்தையும் படித்து வெளியிட்டனர். மரபணுவின் அமைப்பை ஆராய்ந்து எழுதியவர் தாமஸ் சூடாஃப். அவர் பின்னாளில் வேறொரு துறையிற் செய்த ஆய்வுக்காக 2013ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பெற்றார். ஆசிரியர் இருவர்க்கும் அப்பரிசு 1985ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தது.

எழுத்தைப் படித்தபின் ஏற்பியின் உருவம் தெளிவாயிற்று. உள்ளே ஆக்கப்படும்போது அதற்கு 860 அமினோ அமிலங்கள். முதலில் உள்ள 21-உம் வழிகாட்டிச் சீட்டு. வேலை முடிந்ததும் கிழித்தெறியப்படும். எஞ்சிய 839-இல் 767 அணுவுக்கு வெளியே நிற்கின்றன. 22 சவ்வினுள் புதைந்துள்ளன. 50 உள்ளே வாலாகத் தொங்குகின்றன. வெளிப்பகுதியின் நுனியில் ஏழு மடிப்புக்கள் அடுத்தடுத்து உள்ளன. எல்.டி.எல்.லைப் பற்றும் விரல்கள் இவையே. ஒவ்வொரு மடிப்பிலும் ஆறு சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகப் பிணைந்து மூன்று முடிச்சுக்களாகின்றன. ஆக, அந்நுனியில் மட்டும் இருபத்தொரு முடிச்சுக்கள். ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் கால்சியம் அணு ஒன்று அமர்ந்து அதன் வடிவைக் காக்கின்றது.

இம்முடிச்சுக்களால் விளைந்த இடர் சிறிதன்று. பாக்டீரியா விரைவாகப் பெருகுவது, செலவும் குறைவு. ஆனால், அதன் உட்புறம் இத்தகைய முடிச்சுக்களைச் செவ்வையாக இடுதற்கு ஏற்றதன்று. சங்கிலி எவ்வளவோ உருவாகும். உரிய சிஸ்டீனோடு சேராமல் அயலானோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு, கரையாத கட்டிகளாகத் திரண்டு கிடக்கும். அவற்றைப் பிரித்து மீண்டும் மடிக்கச் செய்தல் பெருந்தொல்லை. மேலும், இயற்கை ஏற்பியின்மேல் சர்க்கரைக் கிளைகள் ஒட்டப்படுகின்றன. பாக்டீரியா அவ்வாறு ஒட்டுவதில்லை. ஆதலின், ஆய்வுக்கூடங்களில் முழு வெளிப்பகுதியை ஆக்கும்போது பாலூட்டிகளின் அணுக்களையே பெரிதும் நாடுகின்றனர். சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து 1957ஆம் ஆண்டில் பிரித்து வளர்க்கத் தொடங்கிய அணுக்குலம் ஒன்று உண்டு. மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து 1970களில் பெற்ற வேறொரு குலமும் உண்டு. இவை இரண்டும் உலகெங்கும் கண்ணாடிக் கலங்களில் இன்றும் வளர்கின்றன.

செய்முறை கேட்டற்கு இனியது. மனித ஏற்பியின் எழுத்து முழுவதையும் எடுப்பதில்லை. சவ்வில் ஊன்றும் பகுதியையும் வாலையும் வெட்டிவிட்டு, வெளிப்பகுதிக்குரிய எழுத்தை மட்டும் கொள்வர். ஊன்றுகோல் இல்லாதொழியவே, புரதம் சவ்வில் நில்லாமல் வளர்ப்பு நீரில் தானே வந்து விழும். சுரப்பியை அரைக்கவும் வேண்டா, சவ்வைக் கரைக்கவும் வேண்டா. அவ்வெழுத்தின் இறுதியில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்துக்குரிய சொல்லை ஆறு முறை சேர்த்தெழுதுவர். இவ்வாறு மாற்றிய டி.என்.ஏ. வளையத்தை அணுக்களுள் செலுத்தினால், அவை தமக்குப் பயனில்லாத அப்புரதத்தை ஓயாது ஆக்கி வெளியே விடும். சில நாள் கழித்து அந்நீரை வடித்து, நிக்கல் பூசிய நுண்மணிகள் நிரப்பிய குழாயில் ஊற்றுவர். ஆறு ஹிஸ்டிடின்களுக்கும் நிக்கலிடம் தனிப்பற்று உண்டாகையால், ஏற்பி மணிகளில் ஒட்டிக்கொள்ளும். ஏனைய புரதங்கள் கழுவப்பட்டு ஓடிவிடும். பின்னர் இமிடசோல் என்னும் பொருள் கலந்த நீரை விட்டால் ஏற்பி பிடி தளர்ந்து இறங்கும்.

இறங்கியது தூயதா, உயிரோட்டமுள்ளதா என்று தேர்தல் வேண்டும். தூய்மையைக் காணக் கூழ்த்தகட்டில் மின்சாரம் செலுத்திப் புரதங்களை எடைவாரியாக ஓடவிடுவர். ஒரே கோடு தோன்றினால் தூயது. அதனினும் முதன்மையானது, அது பற்றவேண்டியதைப் பற்றுகின்றதா என்னும் சோதனை. முடிச்சுத் தவறிய ஏற்பி எடையில் சரியாக இருக்கும், கோடும் சரியாக விழும், ஆனால் எல்.டி.எல்.லைத் தொடாது. ஆகவே, பற்றும் ஆற்றலைக் காட்டாத குப்பியை நல்ல ஆய்வாளர் ஏற்பதில்லை. ஏற்கத்தக்க புரதத்தை உறைய வைத்து உலர்த்தித் துகளாக்கியோ, உறைநிலைக்குக் கீழே 80 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்த பெட்டியில் வைத்தோ காக்கின்றனர். உறைவதும் உருகுவதும் மாறிமாறி நிகழ்ந்தால் அதன் வடிவம் கெடும். ஆதலின், சிறுசிறு பங்காகப் பிரித்தே வைப்பர். குப்பியின்மேல், ஆராய்ச்சிக்கு மட்டுமே உரியது, மருந்தாகக் கொள்ளத்தக்கதன்று என்னும் எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கும். ஒரு குப்பியில் உள்ளது மைக்ரோகிராமால் அளக்கும் அளவே. கண்ணுக்குப் படிந்த தூசி போலத் தோன்றும்.

அத்தூசியால் என்ன பயன்? ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். 2003ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடும்பங்கள் சிலவற்றில் கொலஸ்டிரால் மிகுதிக்குக் காரணமான புதியதொரு மரபணு கண்டறியப்பட்டது. பி.சி.எஸ்.கே.9 என்னும் புரதத்தை ஆக்குவது அது. அப்புரதம் ஏற்பியின் வெளிப்பகுதியில் ஓரிடத்தை இறுகப் பற்றும். அவ்வாறு பற்றப்பட்ட ஏற்பி உள்ளே சென்றால் வாயிலுக்கு மீள்வதில்லை. சரக்கோடு செரிமான அறைக்கே இழுக்கப்பட்டு அழிகின்றது. ஆக, வாயிலோனைக் கொல்லும் பகை அது. 2006ஆம் ஆண்டில், அதே டல்லஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோகன் ஆகியோர் இதன் மறுபுறத்தைக் காட்டினர். பிறவியிலேயே பி.சி.எஸ்.கே.9 குறைந்த அமெரிக்கக் கறுப்பின மக்கள் சிலர்க்கு எல்.டி.எல். 28 விழுக்காடு குறைந்தும், இதயத் தமனி நோய் 88 விழுக்காடு குறைந்தும் இருந்தன. அப்பகையைத் தடுக்கும் எதிர்ப்புரதம் ஒன்றை ஆக்கலாமே என்று மருந்தாய்வாளர் முனைந்தனர். தடுக்கின்றதா என்று எங்ஙனம் அறிவது? தட்டின் சிறு குழிகளில் ஆய்வுக்கூட ஏற்பியைப் படியவைத்து, அதன்மேல் பி.சி.எஸ்.கே.9-ஐ விட்டு, உடன் எதிர்ப்புரதத்தையும் சேர்த்தால், ஏற்பியோடு பகை சேர்கின்றதா விலகுகின்றதா என்பது நிறமாற்றத்தால் தெரிந்துவிடும். நோயாளி ஒருவரையும் தொடாமல், ஒரு தட்டிலேயே நூற்றுக்கு மேற்பட்ட சேர்க்கைகளைத் தேரலாம். இவ்வகை மருந்துகள் இரண்டுக்கு 2015ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

ஏற்பி வேறு வகையிலும் ஆராயப்படுகின்றது. நீர்க்கோப்பை உண்டாக்கும் வைரசுகளுள் சில, கொலஸ்டிராலுக்கென அமைந்த இவ்வாயிலைக் களவாகப் பயன்படுத்தி உள்ளே நுழைகின்றன என்பது 1994ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. நல்ல வாயிலோனும் மாறுவேடத்துக்கு ஏமாறுவது உண்டு. 2002ஆம் ஆண்டில், வெளிப்பகுதியின் முழு வடிவத்தையும் புளிப்பு நிலையில் படிகமாக்கி எக்ஸ் கதிரால் ஆராய்ந்தனர். புளிப்பேறியதும் ஏற்பி ஏன் பிடியை விடுகின்றது என்னும் பழைய வினாவுக்கு அப்போது விடை கிடைத்தது. அதன் நடுப்பகுதி மடங்கி வந்து, எல்.டி.எல். அமரும் விரல்களின்மேல் தானே அமர்ந்துகொள்கின்றது. விருந்தினரை எழுப்பிவிட்டு அவ்விருக்கையில் தான் உட்கார்வது போலாம்.

இனி, ஸ்டாட்டின் மருந்துகளைக் குறிப்பிடாது விடுதல் தகாது. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூசணங்களை ஆராய்ந்து, பச்சைப் பூசண வகையொன்றிலிருந்து 1970களில் முதல் ஸ்டாட்டினைப் பெற்றார். அவ்வகை மருந்துகளுள் ஒன்று 1987ஆம் ஆண்டில் முதன்முதலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அது மேற்சொன்ன ரிடக்டேஸ் நொதியை அடக்குகின்றது. ஈரலணு தன் கொலஸ்டிரால் குறைந்ததை உணர்ந்து, வாயிலில் ஏற்பிகளை மிகுதியாக நிறுத்துகின்றது. அவை குருதியிலுள்ள எல்.டி.எல்.லை வாரி உள்ளே கொள்கின்றன. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் குறையைப் பெற்றவர்க்கு இது நல்ல மருந்து. அவர்களிடம் நல்ல மரபணு ஒன்று எஞ்சியிருக்கின்றது.

ஆனால், இரு மரபணுவும் கெட்டு ஏற்பி அறவே இல்லாத குழந்தைக்கு ஸ்டாட்டினும் பி.சி.எஸ்.கே.9 மருந்தும் பெரும்பாலும் பயன்படுவதில்லை. இல்லாத காவலனுக்கு எத்துணை ஆணையிட்டும் என்ன? ஆய்வுக்கூட ஏற்பியை ஊசியால் செலுத்தினாலும் பயனில்லை. அது சவ்வில் ஊன்றி நில்லாது. 1984ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பிட்ஸ்பர்க் நகரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு இதயமும் ஈரலும் ஒருங்கே மாற்றிப் பொருத்தப்பட்டன. ஏற்பியுள்ள ஈரல் வந்ததும் அவளது எல்.டி.எல். ஐந்தில் ஒரு பங்காக இறங்கிற்று. ஏற்பிகளின் பெரும்பணி நடைபெறும் இடம் ஈரலே என்பதற்கு அச்சிறுமியின் குருதியே சான்றாயிற்று. அவள் 1990ஆம் ஆண்டுவரை வாழ்ந்தாள்.

ஏற்பியின் துணையின்றியே எல்.டி.எல்.லைக் குறைக்கும் வழியை ஆய்வாளர் பின்னும் தேடினர். ஆங்ப்ட்ல்3 என்னும் புரதத்தை ஓர் எதிர்ப்புரதத்தால் தடுத்தால், ஏற்பி இல்லாதவர்க்கும் எல்.டி.எல். ஏறத்தாழப் பாதியாகக் குறைவது தெரியவந்தது. எவினாகுமாப் என்னும் அம்மருந்தைப் பன்னிரண்டு வயது நிரம்பியவர்க்குத் தர அமெரிக்க அரசு 2021ஆம் ஆண்டில் ஒப்பியது. 2023ஆம் ஆண்டில் அவ்வொப்புதல் ஐந்து வயதுக் குழந்தைகள் வரை நீட்டிக்கப்பட்டது.